அணைந்த விளக்கின் முன் பூனை

கிரிவலம் நடந்து நடந்து எனக்கு முழங்கால் வலி. எங்கள் வாடகை அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண், ஊருக்குத் திரும்பும்போது தன் சிவப்பு விளக்கைத் தந்துவிட்டுப் போனாள். அந்த ஒளி உடம்பின் செல்களுக்குத் தெம்பு தருமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம்.

தினமும் காலுக்குக் காட்டியபின் சிவப்பை அணைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்து பூ கட்டுவேன். அணைந்த விளக்கின் முன் எங்கள் வீட்டுப் பூனை வந்து, தியானத்தில் இருப்பதுபோல் கண் மூடிக் கிடக்கும். எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒருநாள் மருமகள் அதைப் போனில் படம் எடுத்தாள். படத்தில், அணைந்த பல்புகள் வெளிறிய ஊதாவில் எரிந்தன!

"அத்தை, ரெண்டு சுவிட்சுல ஒன்னத்தான் ஆஃப் பண்ணியிருக்கீங்க. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எரிஞ்சிக்கினே இருக்குது! அந்தச் சூட்டுக்குத்தான் பூனை வந்து படுக்குது!"

இத்தனை நாள் அது என் கண்ணுக்கு நேராக எரிந்திருக்கிறது!

இப்போது பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். போன் கேமராவிலும் பார்க்கிறேன். ஆனாலும், பூனை அங்கே போய் உட்காரவில்லை என்றால்தான் எனக்கு நிம்மதி.