சாவி என் இடுப்பில் இருந்தது

முத்துமாரி திருடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைத் திருடியாக நிற்க வைத்தேன்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். பெண்கள் கழிப்பறைச் சுவரில் ஒரு நாப்கின் பெட்டி உண்டு. அதற்கு மாதாமாதம் ஸ்டோரிலிருந்து பாக்கெட்டுகள் வரும். பெட்டியில் வைத்தால் இரண்டே நாளில் காலி! சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆடிட்காரர்கள் வந்து காலிப் பெட்டியைப் பார்த்தால் என்னைத்தானே கேட்பார்கள்? அதனால் எல்லாவற்றையும் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆடிட் அன்று மட்டும் பெட்டி நிறையும். யாரும் சொல்லித் தரவில்லை... என் சொந்தச் சாமர்த்தியம்.

முத்துமாரி சாத்தூர்ப் பக்கத்துக்காரி. ஓவர்லாக் மெஷினில் இருந்தாள். நாப்கின் வாங்கும் காசுக்குப் பிள்ளைகளுக்குப் பால் வாங்குகிறவள். அன்று மதியம் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, திடீர்னு ஆயிப்போச்சு. ஒரு பேடு இருந்தாத் தாங்கக்கா."

"தீந்து போச்சு கண்ணு," என்றேன்.

சிறிது நேரத்தில் கட்டிங் வேஸ்ட் மூட்டையருகே குனிந்திருந்தாள். ஒரு துணித்துண்டை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். இன்னொன்றை வீட்டுக்கென்று இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டெய்லராக இருந்த காலத்தில் நானும் அந்தத் துணியைத்தான் வைத்தேன்!

வேஸ்ட் துணியும் கம்பெனிச் சரக்குதான், எடைக்குப் போகும். சாயங்காலம் கேட்டில் சோதனை போடும் அம்மாளின் கையில் அந்தத் துண்டு சிக்கியது. மேனேஜர் வந்தார். ஷிப்ட் முடிந்த ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"எதுக்கும்மா எடுத்தே?"

அத்தனை ஆண்கள் நடுவில் அவள் எப்படிச் சொல்வாள்? என்னைப் பார்த்தாள். மேனேஜரும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்க லைன் பொண்ணுதானுங்களே... எதுக்குன்னு தெரியுங்களா?"

"தெரியலீங்க சார்."

அவரைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், 'பெட்டியில் இல்லையா?' என்பார். பிறகு பீரோவைத் திறக்கச் சொல்வார்... சாவி என் இடுப்பில் இருந்தது. சூப்பர்வைசர்களின் இடுப்பை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

மறுநாள் அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். திருட்டுப் பேருடன் போனவளை அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் எதுவும் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். காலனி அறையையும் காலி செய்துவிட்டாளாம். எங்கே போனாள்? தேடிப் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்த ஆடிட்டில் ஒரு பெண் வந்தார். நிறைந்த பெட்டியைப் பார்த்து, "எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். சிரிக்கவும் செய்தேன்! நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முத்துமாரியின் மெஷினில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பெண் உட்காருகிறாள். போன வாரம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா... பேட்?"

உடனே கொடுத்தேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பீரோவை இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.