கடைவாயில் முளைத்த ஆறு வயதுப் பல்

என் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முதலில் கை தூக்குகிற பிள்ளை அவள்தான். மூன்றாம் வகுப்பு. எதைக் கொடுத்தாலும் வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி படிப்பாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள் கை தூக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். பள்ளியில் போட்ட காலை உப்புமாவைத் தொடக்கூட இல்லை.

நான் வேலை பார்ப்பது காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. உத்தமபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே ஜீப் வந்துவிடும், வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, தலையை வாரிக்கொண்டு, முந்தின நாள் வாங்கி வைத்த பன்னையோ தேன் மிட்டாயையோ தின்றபடி வந்து சேர்வார்கள். பல் விளக்கினீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் விளக்கினோம் என்பார்கள். பல வீடுகளில் வீட்டுக்கே ஒரு பிரஷ்தான்.

அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசையில் கடைசிப் பல் நடுவில் கறுத்துக் குழிந்திருந்தது. சுற்றி ஈறு வீங்கியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் வீட்டில் காத்திருந்து அம்மாவைப் பார்த்தேன். தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்காமல் நின்றபடியே பேசினாள். பிள்ளைக்குப் பல் வலி என்று அவளுக்கும் தெரியும். கிராம்பு வைத்துவிட்டிருக்கிறாள்.

“பால் பல்லுதான டீச்சர். ஆடி விழுந்துட்டா புதுசு மொளைச்சிரும்” என்றாள்.

ஏலக்காய் எடுக்கிற சமயம், இப்போது லீவு போட்டால் ஜீப்பில் தன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையாவது காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பால் பல்லாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை அது பொறுக்கவில்லை. இரண்டு நாளில் முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் மூடிக்கொண்டது. காய்ச்சல் அனலாக அடித்தது. அம்மா வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடிவந்தாள். நானும் கூடவே தேனி பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அந்த அம்மா பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையின் தலையைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

“இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலே, பால் பல்லுக்குப் பின்னாடி தானா முளைக்கிற பல். ஆயுசுக்கும் இதுதான். இனி அந்த இடத்துல வேற முளைக்காது.”

அந்த அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“இதை எங்களுக்கு யாருமே சொல்லலையே டீச்சர்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் நடத்துகிற பாடத்தில் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும் என்று இருக்கிறது. பின்னால் முளைக்கிற அந்தப் பல்லைப் பற்றி நானே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பல் துலக்குகிற முறையை அந்த டாக்டரிடமே கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் பிரஷ்களைக் கொடுத்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தென்னைமரத்தடியில் வரிசையாக நிற்க வைத்துத் துலக்க வைத்தேன். இனிப்பாக இருக்கிறதென்று சிலர் பேஸ்ட்டை விழுங்கினார்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் எதுவும் நடக்காது. பள்ளியில் வைக்கச் சொன்ன பிரஷ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட்டால், தம்பிக்கு வேண்டுமென்று வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்றார்கள். அதற்கு எப்படித் திட்டுவது?

அம்மாக்களிடம் சொல்லாமல் இது நடக்காது என்று தோன்றியது. பெற்றோர் கூட்டத்துக்கு வேலை நாளில் யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி துவைக்கிற தண்ணீர்த் தொட்டிக்கே போனேன். படம் வரைந்த அட்டையைக் காட்டிப் பேசினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள், கை துவைத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அங்கே துவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா எழுந்து மகளை முன்னால் இழுத்தாள். “வாயைத் தொறத்தா” என்றாள். பிள்ளை தயங்கித் திறந்தாள். பல் இல்லாத இடத்தில் விரலை வைத்து, “இங்கன இனி மொளைக்காதாம். நான் பால் பல்லுன்னு விட்டுட்டேன்” என்றாள். துவைப்பது நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்த்தார்கள். அங்கேயே தங்கள் பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்த்தார்கள். அந்த வாரமே சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் குழியை அடைத்துப் பல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மகளின் வாயைக் காட்டிய அந்த அம்மாவுக்கு அது பிடித்துக்கொண்டது. ஜீப் நிற்கிற இடத்தில், திருவிழாக் கூட்டத்தில், பிள்ளையோடு யாரைப் பார்த்தாலும் மகளின் வாயைத் திறந்து காட்டினாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவளைப் பொக்கைவாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் கண்டித்தால் என் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவள் பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

இனிமேல் காட்டாதே என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

“அவ வாயைப் பாத்துத்தான டீச்சர் அந்தப் புள்ளைக்குப் பல்லு தப்பிச்சுச்சு? நீங்க அட்டையக் காட்டினப்ப யாரு கேட்டாக?”

பக்கத்தில் நின்ற பிள்ளை வாயைப் பொத்தியபடி, “எனக்கு வெக்கமா இருக்கும்மா” என்றாள். அதன் பிறகு அம்மா யாரிடமும் காட்டவில்லை. வாயால் மட்டும் சொல்கிறாள். முன்பு போல யாரும் நின்று கேட்பதில்லை.

இப்போது அந்தப் பிள்ளை நான்காம் வகுப்பு. எழுத்தெல்லாம் அழகாக எழுதுகிறாள், வாசிப்பது மட்டும் மனதுக்குள்தான். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலருக்கு அந்தப் பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது, அதற்குள் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. வருகிற ஞாயிறு தொட்டிக்குப் போக வேண்டும். அட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.