சம்பந்திக்கு நாக்கை நீட்டியவர்

காலமெல்லாம் டிக்கெட் கிழித்த கண்டக்டரின் நெஞ்சில், எழுபது வயதுக்கு மேல், டிக்கெட்டே எடுக்காமல் காசநோய் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கிவிட ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், இடையில் விட்டால் எந்த மருந்துக்கும் அடங்காமல் திரும்பி வரும் என்று சுகாதார நிலைய நர்ஸ் சொன்னார். வயதானவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்களாம். அதனால் தினமும் விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார்.

மகள் யோசிக்கவே இல்லை, தன் மாமனாரைக் கைகாட்டினாள். கண்டக்டருக்கு அங்கேயே பாதி உயிர் போயிற்று.

கண்டக்டர் தங்கியிருந்த மகள் வீட்டின் மாடியறையில் இருந்த அந்தச் சம்பந்தி, ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். நடுவழியில் பேருந்தை மறித்து ஏறும் பரிசோதகர்களைக் கண்டாலே கண்டக்டர் பைச் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவார். பெண்ணைக் கொடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

பரிசோதகரோ இதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார். காலையில் மடிப்புக் கலையாத சட்டையும் கையில் டார்ச்சுமாக இறங்கி வருவார்.

"வாயத் திறங்க சம்பந்தி. நாக்க நீட்டுங்க. இன்னும் கொஞ்சம்."

சம்பந்திக்கு நேராக நாக்கை நீட்ட உலகத்தில் யாருக்குக் கொடுத்துவைக்கும்? கண்டக்டர் தேவைக்கு மேலேயே நீட்டி வைத்திருப்பார்.

இரண்டாம் மாதம் குமட்டல் ஆரம்பித்தது. சோற்றைப் பார்த்தாலே வயிறு புரண்டது. வெளியே சொன்னால் பரிசோதகரிடம் தோற்றதாகிவிடும். அதனால் மாத்திரையைப் பல்செட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு நாக்கை மட்டும் தாராளமாக நீட்டினார். டார்ச் வெளிச்சம் வாயை விட்டுவிட்டு மூக்கில் விழுந்தது. "சரி, போகலாம்" என்றார் பரிசோதகர். இந்தக் கண்ணுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று கண்டக்டருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சில நாளில் பல்செட்டைக் கழுவப்போன மகள், அதில் ஒட்டியிருந்த செங்கல் நிற மாத்திரையோடு கூடத்துக்கு வந்தாள். அப்பாவை முறைத்துவிட்டு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க தினமும் பாத்தீங்கதானே?"

பரிசோதகர் டார்ச்சை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார்.

"வெளிச்சம் தெரியுதும்மா. வாய்தான் தெரியல."

கண்ணில் புரை விழுந்து நாளாயிற்றாம். பரிசோதகருக்கே கண் தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா என்று மறைத்துவிட்டாராம். ஊர் சிரிக்கும்வரை காத்திராமல் கண்டக்டர் பல்லில்லாத வாயால் சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போகத்தான் ஆசையா என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேரையும் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

குமட்டலைப் பற்றிக் கேட்ட டாக்டர், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொன்னார். விட்ட நாள்களைக் கடைசியில் சேர்த்தார். இனி மகளே பார்க்கட்டும் என்றார் நர்ஸ்.

"வேணாம்மா" என்றார் கண்டக்டர். "அவரே பாக்கட்டும். அவரு முன்னாடின்னாதான் எனக்கு வீம்பு வரும், உள்ள இறங்கும்."

கண்புரை அறுவை சிகிச்சை முடியும்வரை, பரிசோதகர் பல்செட்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டே திருப்பிக் கொடுத்தார்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. நோய் போய்விட்டது என்ற டாக்டர், கூட இருந்து பார்த்தவர் யார் என்று விசாரித்தார்.

"நான்தான். ஒரு மாத்திரகூட என் கண்ணுக்குத் தப்பல" என்றார் பரிசோதகர்.

"சம்பந்திக்குக் கழுகுக் கண்ணு டாக்டர்" என்றார் கண்டக்டர்.

பரிசோதகர் திரும்பி, அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போது நன்றாகவே தெரிந்தது.