பாப்-அப் ப்ரியம்வதா

அமீர்பேட் மெட்ரோ படிகளை இறங்கியதும் எல்லோரும் ஓடுவார்கள், ப்ரியம்வதா நிற்பாள். கோச்சிங் சென்டர் நோட்டீஸ் கொடுப்பவர்களைப் பார்ப்பதற்காக. ஒருவர், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் நெஞ்சிலேயே நோட்டீஸைத் திணிக்கிறார். அது நாலடி தள்ளித் தரையில் கிடக்கிறது. இன்னொரு அம்மாள் டீக்கடைப் பக்கம் நிற்கிறார். டீ சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடம் மட்டும் நீட்டுகிறார். டீ வரும்வரை அவர்கள் படிக்கிறார்கள். "பாத்தீங்களா அக்கா? ரெண்டும் ஒரே பேப்பர். கேக்கிற நேரம்தான் வேற," என்று என் கையை அழுத்தினாள். எனக்கோ பஸ் போய்விடுமே என்ற கவலை.

இவள் தொழிலைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். இணையத்தில் ஒரு சமையல் குறிப்பை ஆவலாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, சரியாகப் புளி எவ்வளவு என்கிற இடத்தில், ஒரு பெட்டி குறுக்கே குதித்து 'போன் நம்பர் கொடுங்கள், தள்ளுபடி தருகிறோம்' என்று கண்ணை மறைக்குமே, பாப்-அப், அதை வடிவமைக்கிறவள் இவள். அந்தப் பெட்டியைச் செய்கிற புண்ணியவானை நேரில் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பார்த்தால், மாரெட்பள்ளியில் எங்கள் குடியிருப்பிலேயே, என் தலைக்கு மேலே மாடியில் இருக்கிறாள். பாப்-அப் ப்ரியம்வதா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

நாற்பதை நெருங்குகிற வயது. அப்பா பாதுகாப்புத் துறை நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர்; தஞ்சாவூரிலிருந்து வந்து இந்தத் தெலுங்கு ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். மகள் ஹம்ஸினி படித்துக்கொண்டிருந்தால் ப்ரியம்வதா மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள், கூப்பிட மாட்டாள். பெண் தலையைத் தூக்கி "செப்பு மம்மி" என்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். என் வீட்டில் நான் சமையலறையிலிருந்தே கத்துகிற வழக்கம்.

பெட்டிக்கு அவள் வைத்திருக்கும் சட்டங்கள் சில உண்டு. தளத்துக்குள் வந்தவுடன் குதிக்கக் கூடாது. "உள்ள வந்து செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள காபியா டீயான்னா எப்படிக்கா?" ஒரு தடவை வேண்டாமென்றவரிடம் மறுபடி வந்து கேட்கக் கூடாது. மறுக்கிற பொத்தானில் 'வேண்டாம், எனக்குச் சேமிப்பதில் விருப்பமில்லை' என்று எழுதி ஆளை அவமானப்படுத்தக் கூடாது. 'இப்போது வேண்டாம்' போதும். மூடுகிற பெருக்கல் குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலுக்கும் எட்ட வேண்டும். இதற்கு அவள் வைக்கும் பரீட்சை ஷேர் ஆட்டோவில் நடக்கும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது மறு கைக் கட்டைவிரலால் குறியை அழுத்திப் பார்ப்பாள். தவறினால் அன்றைக்கே பெரிதாக்குவாள்.

தளத்தை விட்டுக் கிளம்புகிறவரைத் தடுக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. மூடப் போகிறோம் என்று மோப்பம் பிடித்து, 'போகாதீர்கள்!' என்று வந்து விழும். அதை மட்டும் அவள் செய்வதே இல்லை. அவள் பிறந்த வீட்டில், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடும் வழக்கம் கிடையாது. அப்பா டிபன் பாக்ஸை மறந்தால், அம்மா பக்கத்துச் சந்து வழியாக ஓடி, முன்னால் போய் நின்று கொடுப்பாராம். "சகுனமெல்லாம் நமக்கு நக்கோ, வேண்டாம் அக்கா. ஆனா கிளம்பிட்டவங்க மனசு ஏற்கெனவே வெளிய போயிருக்கும். உடம்பை மட்டும் பிடிச்சு இழுத்து என்ன பண்றது?" என்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

இந்தச் சட்டங்களால்தான் போன மாதம் வேலைக்கே ஆபத்து வந்தது. நாச்சாரத்தில் ஊறுகாய், பொடி தயாரிக்கும் சம்பந்தம் என்பவர்தான் அவள் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். அவருடைய இணையக் கடைக்கு ப்ரியம்வதா செய்த பெட்டி, நாலைந்து ஊறுகாய்களைப் பார்த்து முடித்தவரிடம் மட்டும் வந்து, 'உங்களுக்குக் காரம் எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கும். சொன்னால் பொருத்தமான ஜாடியைக் காட்டும். போன் நம்பர் கடைசியில்தான், அதுவும் விருப்பமிருந்தால். சம்பந்தத்துக்கு இது ரசிக்கவில்லை. நுழைந்ததும் நம்பர் கேள், மூடும் குறியை மங்கலாக வை, போகும்போது மறித்துக்கொள் என்றார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெட்டி, பாதிப் பேருக்கு இவளுடையது என்று விட்டுப் பார்த்தார்கள். அவருடையதில் நம்பர்கள் மளமளவென்று விழுந்தன. இவளுடையதில் கொஞ்சம்தான்.

கம்பெனி முதலாளி யோகேஷ் நல்லவர்தான், ஆனால் பயந்தவர். "அவர் சொல்றதுக்கெல்லாம் ஹவ், சரின்னு தலையாட்டிட்டு வந்துடுங்க மேடம். அவர் போயிட்டா உங்களை வச்சுக்க என்னால முடியாது," என்று சொல்லித்தான் நாச்சாரத்துக்கு அனுப்பினார். ஆவக்காய் மலிவாகக் கிடைக்கும் என்ற ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். ஆட்டோவில் வழியெல்லாம் அவள் போனில் தன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "என் பெட்டிதான் தப்போ என்னவோ அக்கா," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது.

சம்பந்தம் வாட்டசாட்டமான மனிதர். உபசாரத்தில் குறை வைக்கவில்லை. கடுகுப் பொடி நெடி மூக்கைத் துளைக்கும் அறையில் எங்களுக்கு மோர் வரவழைத்தார். "ஏம்மா, கடைக்கு வந்தவனைச் சும்மா அனுப்பினா வியாபாரம் ஆகுமா? எம் பெட்டிக்கு எத்தனை பேரு நம்பர் குடுத்திருக்கான் பாரு!"

"நாலு பேருக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்களேன் சார்," என்றாள் ப்ரியம்வதா. குரல் சன்னமாக இருந்தது.

அதற்கென்ன என்று ஸ்பீக்கரில் போட்டார். முதல் எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவர் பஞ்சர் கடைக்காரர். ஊறுகாய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தெலுங்கில் எரிந்து விழுந்தார். பெட்டி தொலைந்தால் போதுமென்று யாரோ வாயில் வந்த எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சம்பந்தத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. நான்காவது எண்ணில் ஒரு பெண் பேசினாள். ஆமாம், அவள்தான் நம்பர் கொடுத்தாளாம். "பாத்தியா? நிஜமான ஆளு!" என்று எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பண்டிகைச் சலுகையைத் தெலுங்கில் விவரிக்க ஆரம்பித்தார்.

"பாபுக்கி அன்னம் பெடுதுன்னானண்டி," என்றாள் அந்தப் பெண். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாளாம். பின்னால் குழந்தை சிணுங்குவது எங்களுக்கே கேட்டது. "ஒக்க நிமிஷம் அம்மா," என்று சம்பந்தம் கோங்கூரா ஊறுகாய்க்குப் போனார். அவள் "சரேண்டி" என்றாள். கோங்கூராவிலிருந்து பருப்புப் பொடிக்கு வந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. "சரேண்டி... சரேண்டி..." என்று அவள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரிய மனிதர் பேசும்போது போனை வைக்கத் தெரியாத பெண். எனக்குச் சம்பந்தத்தின் மேல் கோபமே வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. நான் பேசினால் போவது அவள் வேலையாயிற்றே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ப்ரியம்வதா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய போனில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.