நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா

என் ராஜினாமாக் கடிதத்தை நானேதான் எழுதினேன். அதுவும் கோடு போட்ட தாளில், ஒரு பிழையில்லாமல், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற அதே குண்டு எழுத்தில். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. மேச்சேரிக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். ஆளைப் போடுவது நிர்வாகி. அவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, பெரியப்பா முறை. பள்ளிக்கு நிலம் கொடுத்தது எங்கள் குடும்பம் என்பதால், அங்கே ஒரு வேலை எப்போதும் எங்கள் வீட்டுக்கு என்று பேச்சு. எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. ஊரில் யாரும் மறுத்ததுமில்லை.

அந்த வருடம் அரைப்பரீட்சையில் என் இரண்டு பிள்ளைகளில் மகன் கணக்கில் ஃபெயிலானான். மாமியாருக்கு அது போதுமாக இருந்தது.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறா, பெத்த புள்ளைய உட்டுப்போட்டா. அம்மிணி, நீ ஊட்டுல நின்னாத்தான் இதுக ரண்டும் உருப்படும்."

மேட்டூரில் ஷிப்டு வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார். "புள்ளைங்க படிப்புதான முக்கியம்? என்ற சம்பளம் பத்தாதா?"

ஒரு மாதம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இதே பேச்சு. மகனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் உறுத்தியது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து நாளில் என் கொழுந்தனின் மனைவி அந்த வேலையில் சேர்ந்தாள். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவள். நான் பேனாவைத் தொடுவதற்கு முன்பே நிர்வாகியிடம் பேசி முடித்திருந்தார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விரலை வாயில் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் நான்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தம்பிக்கும் ஒரு வருமானம் வேணுமல்லொ. போஸ்ட்டு வெளிய போகுலியே, நம்ம ஊட்டுலதான இருக்குது."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களுக்கு முகத்தில் எவ்வளவு நிம்மதி!

அதோடு முடியவில்லை. தினம் ஒன்பது மணிக்குக் கொழுந்தன் மனைவி, நான் கட்டுவது போலவே கொசுவம் மடித்துக் கட்டிய சேலையில் வந்து, குழந்தையை என் மடியில் வைப்பாள். "நீங்க ஊட்டுலதான இருக்கறீங்கக்கா." சாயங்காலம் நாலரைக்கு வந்து வாங்கிக்கொள்வாள். என் மகன் கணக்கில் தேறினான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நாலரைக்கு மேல்தான். அதை வேலையில் இருந்துகொண்டே செய்திருப்பேன்.

ஒரு வருடம் பொறுத்தேன். ஒரு நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மத்தியானத்துக்குள் நாலு சேலை நனைந்தது. ஐந்தாவது சேலையோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாம் வகுப்புக்குள் போனேன். மேஜைமேல் உட்காரவைத்தேன்.

"உம்புள்ளைய நீயே பாத்துக்கோ. ஆயா வேலைக்கு நா எழுதிக் குடுக்குல."

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவள் அழுதாள். "நா என்னக்கா பண்ணுட்டும்? என்னையும் ஆரும் கேக்குலீங்க."

உண்மையாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அன்றிரவு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால், ஏழாவது படிக்கிற என் மகள் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். அவளுடைய பை ஆணியில் தொங்குகிறது.

"பள்ளிக்கூடம் போகுலியா?" என்றேன்.

அவள் அப்பாதான் சொன்னார். "நீ பாக்க மாட்டீன்னா அவ பாத்துக்குட்டும். பொட்டப்புள்ளைக்கு ஏழாவது போதும்."

மாமியார் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கொழுந்தன் மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. நான் என்ன செய்வேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குழந்தையை மகளிடமிருந்து பிடுங்கினேன். பையை எடுத்து அவள் தோளில் மாட்டி, "ஓடு" என்றேன். தலைகூடப் பின்னாமல் ஓடினாள்.

அந்தக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்வரை நான்தான் வளர்த்தேன். வேளைக்குச் சோறு ஊட்டினேன், கால் கழுவிவிட்டேன், காய்ச்சலுக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாள்கூடக் கொஞ்சவில்லை.