புரச மரத்தின் விலாசம்

போன வருடம் ஹோலிப் பண்டிகையை ஒட்டி, ஹைதராபாத்தில் நாங்கள் குடியிருக்கும் குஷாய்குடாவில் நடந்தது இது. பிள்ளைகளே, அப்பாக்கள் செய்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பிழைப்புக்காக இங்கே வந்து, ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். அப்பா என்று கூப்பிடுவதும் 'நான்னா' என்றுதான். காட்டுச் செடிகளைப் படம் எடுப்பதில் அவளுக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். கீசரா பக்கம் பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் இடத்தில் இறங்கி, நெருஞ்சிப் பூவை மண்ணில் குப்புறப் படுத்து எடுப்பாள். அவள் மேல் ஏறும் எறும்பைத் தட்டிவிடுவது என் வேலை.

அப்படி அலைந்தபோதுதான் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் அந்தப் புரச மரத்தைக் கண்டுபிடித்தாள். இங்கே மோதுகு என்பார்கள். குட்டை மரம், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்போது இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. கோடை விடுமுறைக்கு முன் பள்ளியில் வைக்கும் கண்காட்சிக்கு அதையே எடுப்பது என்று தீர்மானித்தாள். ஒரே பாறை மேல் நின்று, ஒரே கொம்பை, வாராவாரம் எடுக்க வேண்டும். வெறும் கொம்பு, மொட்டு, பூ, கடைசியில் காய். காய் வந்தால்தான் கதை முடியும் என்பாள்.

"நான்னா, ஈ செட்டு எக்கட உந்தோ எவரிக்கீ செப்பொத்து."

மரம் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாதாம். சாலையோரத்தில் பூத்த மரங்களை ஜனங்கள் ஒடித்துப் போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"நான் யாருகிட்டம்மா சொல்லப் போறேன்? லேத் மெஷின்கிட்டயா?" என்றேன். சிரித்துவிட்டாள்.

மொட்டுகள் கறுப்பு வெல்வெட் துணி மாதிரி வந்தன. பிறகு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால், கொம்பு முழுக்கக் கிளிமூக்கு போல வளைந்த ஆரஞ்சுப் பூக்கள். ஒரு மைனா பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து எடுத்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், 'என் மகள் எடுத்தது' என்று அந்தப் படத்தைப் போட்டேன்.

அந்தக் குழுவில் தண்ணீர் மோட்டார் ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். அன்றைக்கு ஆளாளுக்குக் கைதட்டினார்கள். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டாம் மாடிக்காரர், "அன்னா, லொகேஷன் பம்பண்டி" என்று கேட்டார். எதிரே பார்த்தால் தலையசைப்பதோடு போய்விடுகிறவர், என்னை அண்ணன் என்று கூப்பிட்டு ஒன்று கேட்கிறார். உடனே அனுப்பிவிட்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஹோலி அன்று காலை கீழே இறங்கினால், வாசலில் ஒரு பெரிய தொட்டி நிறைய ஆரஞ்சுத் தண்ணீர். சாயம் இறங்க வேகவைத்த புரசம் பூக்கள் மேலே மிதந்தன.

"அன்னா வச்சாரு!" என்று நான் வந்ததை இரண்டாம் மாடிக்காரர் கத்தி அறிவித்தார். "கெமிக்கல் நக்கோ, ஒன்லி நேச்சுரல்! அந்தா அன்னா லொகேஷனே!"

எல்லாம் நான் அனுப்பிய இடத்துப் பூவாம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்டினார்கள். எந்த மரத்துப் பூ என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கையைத் தூக்கி அசைத்தேன்.

மகள் தண்ணீர்த் துப்பாக்கியோடு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மிதந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"வேற மரமா இருக்கும்மா," என்றேன்.

அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு போனோம். எட்டுகிற கொம்பெல்லாம் நார் தொங்க ஒடிந்து கிடந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் பூ. அவள் வழக்கமான பாறை மேல் ஏறி நின்று போனைத் தூக்கினாள். அவளுடைய கொம்பு இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்தாள்.

"மேல ஒரு கொம்பு இருக்குல்லா, அதை எடுத்துக்கலாம்மா," என்றேன்.

"அதி வேரே கொம்ம, நான்னா."

திட்டியிருந்தால் தேவலாம். திரும்பி வரும்போது, "அப்பா செஞ்சது தப்பு, சொன்னது பொய்" என்றேன். ஹெல்மெட்டுக்குள் காதில் விழுந்ததோ என்னவோ. வீட்டில் மறுபடி சொன்னேன். "பர்வாலேது, நான்னா" என்று அவளே என்னைத் தேற்றினாள்.

கண்காட்சியில் காய் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வெறும் வானத்தை ஒட்டியிருந்தாள். ஒரு மாணவியின் அம்மா பூப் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த அந்தங்கா உந்தி! எக்கடம்மா இதி?" என்று, அந்த அழகான மரம் எங்கே இருக்கிறது என ஆசையாகக் கேட்டார். மகள் ஒரே ஒரு தரம் என் பக்கம் பார்த்தாள். காது சிவக்க, "தெலீது, ஆன்ட்டி" என்றாள். தெரியாதாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடமும் படம் எடுக்கிறாள். இப்போது அம்மாவோடு போகிறாள். வந்ததும் போனை நீட்டி, என்ன செடி, எப்போது பூத்தது என்றெல்லாம் சந்தோஷமாகச் சொல்வாள். எந்த இடம் என்று மட்டும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்பது தெரியும். ஆனாலும் ஒரு பூ எங்கே பூத்திருக்கிறது என்று என்னிடம் சொல்லலாம் என அவளுக்கு மறுபடி தோன்றும் வரைக்கும், என் வெட்கம் என்னோடுதான் இருக்கும்.