பூட்டில்லாத பிரதி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் செமிகோலன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி அது. லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதற்கெல்லாம் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஒரு குரல் அவள் காதில் வாசிக்கும். அடைப்புக்குறி, செமிகோலன் எதையும் விடாமல், தகரக் கூரையில் மழை கொட்டுகிற வேகத்தில். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் அந்த ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்கு செமிகோலன் மட்டும்தான் புரிஞ்சுது” என்றாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

ஒரு வருஷம் கம்பெனி புதுக் கம்பைலருக்கு மாறியது. மனிதர் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். மாறிய சூட்டோடு சோதனைக் கூடத்தில் இருந்த லிஃப்ட் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. மூடும் கதவுக்கு நடுவே எதையாவது வைத்தால் கதவு விலக வேண்டும். சில தடவை விலகியது. சில தடவை, வைத்த அட்டைப்பெட்டியை அப்பளமாக நொறுக்கியது.

அவள் உட்கார்ந்து துருவித் துருவித் தேடிக் காரணத்தைப் பிடித்தாள். கதவின் சென்சாரை இரண்டு முறை படிக்கச் சொல்லி எழுதியிருந்தாள். அந்த மதிப்பு எந்த நொடியும் வெளியிலிருந்து மாறலாம் என்ற அடையாளத்தையும் போட்டிருந்தாள். கம்பைலரோ, ஒருதரம் படித்ததை மறுபடி படிப்பானேன் என்று இரண்டாவதைத் தூக்கிக் கடாசியிருந்தது.

கம்பைலர் விற்றவர்களுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பேசிய பொறியாளர் பதறவில்லை.

“தப்பு உங்க புரோகிராம்லதான் மேடம். தேவையில்லாததை நீக்கலாம்னு மொழியோட ஸ்டாண்டர்டே சொல்லுது.”

“எந்தப் பத்தி சார்? கொஞ்சம் அனுப்புங்களேன்.”

“பத்தி எண் தர்றேன். ஆவணத்தை அனுப்ப முடியாது, பதிப்புரிமை இருக்கு. நீங்கதான் வாங்கிக்கணும்.”

ஒரு மொழி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உலகம் கூடி எழுதிய சட்டப் புத்தகம்தான் ஸ்டாண்டர்ட். அந்த மொழியில் காலம் தள்ளுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளிடம் இருந்ததும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வரைவு மட்டும்தான். அதன்படி அவள் பக்கம்தான் நியாயம். எடுத்து அனுப்பினாள். “வரைவு வேற, சட்டம் வேற மேடம்” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மேலாளர் நல்ல மனிதர். முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாண்டர்டை வாங்கிக் கொடுத்தார். அவள் ஆசையாசையாகக் கோப்பைத் திறந்தாள். குரல் சொன்னது: “வெற்றுப் பக்கம்.” அடுத்த பக்கத்துக்குப் போனாள். “வெற்றுப் பக்கம்.” கடைசிவரை அதே பாட்டு. யாரும் நகல் எடுக்கக் கூடாதென்று கோப்புக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு எழுத்து தெரியும். அவள் காதில் வாசிக்கும் குரலுக்கு மட்டும் தெரியாது.

ஸ்டாண்டர்டை விற்ற இடத்துக்குப் போன் செய்தாள். “அது பாதுகாப்பு ஏற்பாடுங்க” என்றார்கள்.

“யாருகிட்டேருந்து பாதுகாக்குறீங்க? காசு குடுத்து வாங்கின என்கிட்டேருந்தா?”

போனை வைத்துவிட்டார்கள். கைக்கு எட்டியது காதுக்கு எட்டவில்லை.

விடுமுறை நாளில் கணவனை அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள். மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவன் அவன். சந்தையின் இந்தக் கோடியில் குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் மூட்டை நகரும். அந்தக் குரலால் ஸ்டாண்டர்டைப் படித்து விளாசினான்.

“இங்க ஒரு கமா இருக்கும்மா. வேணுமா, தள்ளிடவா?”

“எல்லாமே வேணுங்க. ஒண்ணுகூடத் தள்ளாதீங்க.”

பொறியாளர் சொன்ன பத்தி வந்தது. நீக்கலாம் என்றுதான் இருந்தது. வரைவில் அதை ஒட்டி, வெளியிலிருந்து மாறும் மதிப்புக்கென்று வந்த விதிவிலக்கு இதில் காணோம். ஆனால் அந்தப் பத்தி வேறு மூன்று பத்திகளைக் கைகாட்டியது. அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றை. முன்னே போ, பின்னே வா, திரும்பப் படி என்று சாயங்காலம்வரை அவனைப் பாடாய்ப் படுத்தினாள். பாவம், தொண்டை கட்டிவிட்டது.

“உனக்காக மலையைக்கூட ஏலம் விட்டுடுவேன். இது என்னால ஆகாதும்மா” என்றான்.

“உங்களால ஆகாதது இல்லீங்க. இதை நானே தேடித் துழாவணும். அப்பதான் பிடிபடும்.”

மறுநாளே, ஸ்டாண்டர்ட் விஷயங்களைக் கவனிக்கும் தர நிர்ணய அலுவலகத்தின் படியேறினாள். நீண்ட நடைபாதை, மின்விசிறிச் சத்தம், பழைய காகித வாசனை. கடைசி அறையில் இருந்த பெண் அதிகாரி அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“பூட்டில்லாத பிரதி விற்பனைக்குக் கிடையாதும்மா. நூலகத்துக்கும் குடுக்குறதில்ல.”

“யாருக்குமே கிடையாதா?”

“அதை எழுதுற குழுவுல இருக்கிறவங்களுக்கு மட்டும் வரும். திருத்தம் எழுதணும் இல்லையா?”

“நம்ம நாட்டுக் குழுவுல யாரு இருக்காங்க?”

அதிகாரி சிரித்துவிட்டார். “ரெண்டு பேரு. கூட்டம் நடத்தக் கொறஞ்சது மூணு பேரு வேணும். வருஷக்கணக்கா மூணாவது நாற்காலிக்கு ஆளே வரல.”

“அப்போ எனக்குப் போடுங்க மேடம்.”

“நெஜமாவா கேக்குறீங்க? சம்பளம் கிடையாது. வேலை நெறைய.”

“வேலை தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, இப்பவே ஆரம்பிச்சுடுவோம்” என்றார்.

பூட்டில்லாத கோப்பு வந்த காலையில் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். திறந்தாள். குரல் தலைப்பை வாசித்தது, பொருளடக்கத்தை வாசித்தது, நிற்காமல் வாசித்துக்கொண்டே போனது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன்னையறியாமல் சிரிப்பு பொங்கியது. கொஞ்சம் கண்ணீரும்.

பிறகு வேட்டை. தேடினாள், தாவினாள், திரும்பினாள். காணாமல்போன விதிவிலக்கு காணாமல் போகவில்லை. யாரோ அதை வேறோர் அத்தியாயத்துக்குக் குடிபெயர்த்திருந்தார்கள். முன்பு ‘நீக்காமல் இருப்பது நல்லது’ என்றிருந்தது. இப்போது ‘நீக்கவே கூடாது’ என்று கறாராக இருந்தது.

அத்தியாயம், பத்தி, வரி சொல்லிப் பொறியாளருக்கு எழுதினாள். இந்தமுறை அவரே போன் செய்தார்.

“மேடம், அந்த அத்தியாயத்துக்கு நாங்க போகவே இல்ல. எங்க தப்புதான். இதே கம்பைலரை வேற எத்தனையோ மெஷினுக்கு வித்திருக்கோம். எல்லாருக்கும் திருத்தி அனுப்புறோம். நல்லவேளை நீங்க விடல.”

திருத்திய கம்பைலர் வந்ததும் சோதனைக் கூடத்தில் அலுவலகமே கூடிவிட்டது. அட்டைப்பெட்டியை வைக்கப் போனவரைத் தள்ளிவிட்டு, மேலாளர் தன் கையையே நீட்டினார். கதவு தொட்டும் தொடாமலும் நின்று, பின்வாங்கித் திறந்தது. மறுபடி நீட்டினார். மறுபடி திறந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மூன்றாவது ஆள் வந்ததால் குழுவுக்கும் உயிர் வந்தது. முதல் கூட்டத்திலேயே அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: பார்வையில்லாதவர் யார் கேட்டாலும் பூட்டில்லாத பிரதி தர வேண்டும், நகர நூலகத்தில் உட்கார்ந்து யாரும் படிக்க ஒரு பிரதி வைக்க வேண்டும். மூன்று கைகளும் உயர்ந்தன. தர நிர்ணய அலுவலகம் சில மாதம் இழுத்தடித்தது. பெண் அதிகாரி விடாமல் துரத்தியதில் கடைசியில் ஆணை வந்தது. முதல் மாதத்திலேயே அவள் கேள்விப்பட்டேயிராத ஊர்களிலிருந்தெல்லாம் பார்வையில்லாதவர்கள் பிரதி கேட்டு எழுதினார்கள். இவ்வளவு பேர் வெற்றுப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

அடுத்த பதிப்புக்காகப் பல நாட்டுக் குழுக்களும் கூடிய கூட்டத்தில், தன் நாட்டுக்காகப் பேசியது அவள்தான். காலை அமர்வு முடியும் தறுவாயில் தலைவர், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டுவைத்தார். எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் கையை உயர்த்தினாள். ஒன்றல்ல, ஆறு ஆட்சேபணைகள் இருந்தன. ஆறையும் சொல்லி முடித்தாள். அன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போக மிகவும் தாமதமாகிவிட்டது. ஆறில் நான்கு ஆட்சேபணைகளைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது.